கால் மாறி ஆடும் கலை

பஞ்ச சபைகளில் மற்ற நான்கிலும் திருமேனியாக நின்றாடும் நடராசர், குற்றாலத்துச் சித்திர சபையில் மட்டும் சுவரோவியமாக ஆடுகிறார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தென்காசி. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலின் முன்மண்டபத்தில் வீரபத்திரர், தாண்டவ மூர்த்திகள், காளி, ரதி, மன்மதன் என்று பெரிய சிற்பங்கள் நிற்கின்றன. பரதம் அறிந்தவர் இந்த இரண்டு இடங்களிலும் முகத்துக்கு முன்னால் பாதத்தைத்தான் பார்ப்பார். தூக்கிய காலின் வீச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், உடலின் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்பது ஊன்றிய பாதம். கல்லுக்கும் சாயத்துக்கும் மூட்டு தேய்வதில்லை, ஆடுகிறவருக்குத் தேய்கிறது. கால் பெருவிரலின் அடிமூட்டு வாதத்தால் இறுகிப்போனவர், பாதத்தில் அடிபட்டவர், ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கட்சி. இரக்கத்தால் இதைச் சொல்லவில்லை. பரதத்தின் இலக்கணமே அதற்கு இடம் வைத்திருக்கிறது.

அடவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும். முழுமண்டியில் குதிகால் இரண்டும் எழும்பி, உடலின் எடை முழுவதும் முன்பாதத்தில் இறங்குகிறது. குதித்து மெட்டடவில் நுனிப்பாதத்தில் குதித்த பிறகுதான் குதிகால் தட்டுகிறது. தட்டு மெட்டில் விரல்கள் தரையை விடாமலிருக்கக் குதிகால் எழுந்து விழுகிறது. இந்த மூன்றுக்கும் பெருவிரல் நன்றாக மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். இறுகிய மூட்டு மடங்காது, மடக்கினால் வலிக்கும். நார்வேயில் பிறந்த தெலமார்க் பனிச்சறுக்கிலும் இதே சங்கடம் உண்டு. குதிகால் பலகையில் பூட்டப்படாமல் எழும்ப, பின்காலின் பாரம் மடங்கிய விரல்களில் விழுகிறது. அவர்களுக்காவது கெட்டியான பூட்ஸ் துணை இருக்கிறது. வெறுங்காலில் ஆடும் பரதத்துக்கு அதுவும் இல்லை. ஆனால் தட்டடவில் பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படுகிறது. நாட்டடவில் நீட்டிய காலின் குதிகால் ஊன்ற, விரல்கள் பாரமில்லாமல் நிமிர்ந்திருக்கின்றன. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஐந்து பாத பேதங்களில் உத்கட்டிதம், அக்ரதலசஞ்சரம், குஞ்சிதம் மூன்றும் முன்பாதத்தைச் சோதிப்பவை. சமமும் அஞ்சிதமும் அப்படியல்ல. பரதத்தின் முதுகெலும்பான அரைமண்டியே சமபாதத்தில்தான் நிற்கிறது. அதற்குத் திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் இழுத்து வைப்பவருக்குப் பாதம் உள்பக்கமாகச் சரிந்து, சுமை பெருவிரல் மூட்டிலேயே போய் விழும். சரியான அரைமண்டி அழகுக்கு மட்டுமன்றி மூட்டுக்கும் நல்லது.

மண்டியடவு இல்லாத வர்ணம் ஒரு வர்ணமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. முழுமண்டியில் சுழன்று எழும் தீர்மானத்துக்கு ஈடாக வேறொன்றைக் காட்டிவிட முடியாது; அது இழப்புதான். ஆனால் ஜதியைக் கோப்பவர் நட்டுவனார். எந்த அடவை எங்கே வைப்பது என்ற தேர்வு அவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பாணியும் அந்தத் தேர்வால்தான் மற்றதிலிருந்து வேறுபடுகிறது. வலிக்கு அஞ்சிப் பாதி எழும் குதிகாலைவிட, ஐயமின்றிப் பதியும் சமபாதம் பார்க்க நன்றாக இருக்கும், தாளமும் தெளிவாகக் கேட்கும். திருவிளையாடற் புராணத்தில் இதற்கு ஒரு முன்மாதிரியே உண்டு. 63 கலைகளைக் கற்றிருந்த இராசசேகர பாண்டியன் எஞ்சிய பரதத்தையும் கற்கத் தொடங்கியபோதுதான் ஆடும் காலின் வலி அவனுக்குத் தெரிந்தது. ஒரே காலில் நின்றாடும் இறைவனுக்கும் நோகுமே என்று உருகி, கால் மாற்றி ஆட வேண்டினான். இன்றும் மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் இடக்கால் ஊன்றி வலக்கால் தூக்கி நிற்கிறார். நோகிறது என்று அறிந்த ரசிகன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டு ஆடு என்றும் சொல்லவில்லை. மாற்றி ஆடச் சொன்னான்.

இன்னொரு தடை நடனக் கலைஞர் சுதா சந்திரனை வைத்து எழும். 1981இல் திருச்சி அருகே நேர்ந்த பேருந்து விபத்துக்குப் பின் முழங்காலுக்குக் கீழே வலக்காலை இழந்த அவர், ஜெய்ப்பூர் கால் பொருத்தி 1984இல் மேடையேறினார். 1985இல் ‘மயூரி’ படத்தில் தன் கதையில் தானே நடித்தார். அவர் விதிவிலக்கு, அவரைக் காட்டி மற்றவர்களை வருத்தலாமா என்பது அந்தத் தடை. வருத்தக் கூடாது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதைக் கலை என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீங்கிய மூட்டுக்கு ஓய்வும் மருத்துவரும்தான் வேண்டும். நான் சுதா சந்திரனிடம் பார்ப்பது வேறு. டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைக் கலைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய அந்தக் கால் ரப்பராலானது; தரையின் தொடுகை அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட பாதத்தோடும் லயம் நின்றது என்றால், லயத்தின் இருப்பிடம் விரல்நுனி இல்லை என்றுதானே பொருள்?

அடவுகளைக் குறைத்துக்கொண்டு அபிநயத்துக்கு ஒதுங்குவது தோல்வி என்று எண்ணுபவர்களுக்குக் குற்றாலமே பதில் வைத்திருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகமாக்கினார். அதில் குறவன் சிங்கனும் குறத்தி சிங்கியும் பேசும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கியின் காலில் கிடக்கும் சிலம்பைப் பாம்பென்று அவன் மிரள்கிறான், பாடகத்தை நெளியும் மண்புழு என்கிறான், சுண்டுவிரல் அணியைப் பூச்சி என்கிறான். எந்த நாட்டில் குறி சொல்லி எதைப் பெற்றாள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போகிறாள். கேள்விகள் பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறுகின்றன. காலில் தொடங்கும் இந்தப் பேச்சை ஒரு தேர்ந்த கலைஞர் உட்கார்ந்தபடியே ஆடிக் காட்டலாம். பார்வை கணுக்காலில் இறங்கும்போதே சிலம்பு தெரிந்துவிடும். சிங்கனின் அச்சமும் சிங்கியின் பெருமிதமும் புருவத்தில் மாறி மாறி வரும். பதத்தை அமர்ந்து அபிநயிப்பது பழைய மரபில் இருந்த வழக்கம்தான். இளமையில் ஆட்டத்தை நிறுத்தி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து 1973இல் திரும்பிவந்த கலாநிதி நாராயணன், அடவுகளின் பக்கம் போகாமல் அபிநயத்தை மட்டுமே கற்பித்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். அவரை இரண்டாம் வரிசையில் வைக்க எந்த ரசிகரும் துணியமாட்டார்.

குற்றாலச் சாரல் திருவிழாவுக்கும் கோயில் விழாக்களுக்கும் மேடை அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சிமெண்டுத் தளத்திலோ கருங்கல்லிலோ நேரடியாக ஆடவிடாதீர்கள், கொஞ்சம் இடைவெளி விட்டுப் பலகை பரப்பிக் கொடுங்கள். ஆசிரியர்களிடம் இன்னொன்று: பெருவிரல் இறுகிய மாணவி வந்து நின்றால் சலங்கையைக் கழற்றச் சொல்லாதீர்கள், அவளுக்கு ஏற்றபடி ஜதியை மாற்றிக் கோத்துக் கொடுங்கள்.