மரபணுச் சோதனையும் வம்சாவளியும்: கொழும்புத் தமிழர் நோக்கில் ஒரு மதிப்பீடு

குடும்ப வரலாற்று மென்பொருள் என்பது பிறப்பு, மணம், இறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றை ஆள்வாரியாகப் பதிந்து, அவர்களுக்கிடையிலான உறவைக் கிளைப்படமாகக் காட்டும் கணினிக் கருவியாகும். தொடக்கத்தில் அது தாளில் இருந்த வம்சாவளியைத் திரையில் எழுதும் ஏடாகவே இருந்தது. 1984இல் அமெரிக்காவின் மோர்மன் திருச்சபை உருவாக்கிய கெட்கொம் என்னும் கோப்பு வடிவம், ஒரு மென்பொருளில் பதிந்ததை மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தது. பின்னர் இணையத்தில் இயங்கும் நிறுவனங்கள் உமிழ்நீரிலிருந்து செய்யும் டிஎன்ஏ சோதனையையும், உறவினர் தேடல், பூர்வீக விழுக்காடு, நோய்சார் அறிக்கை முதலிய விருப்பத்தேர்வு வசதிகளையும் அந்த ஏட்டோடு இணைத்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை இச்சோதனை பெரும்பாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு பெறாமகன் அல்லது பேத்தி வழியாகவே வந்தடைகிறது. அக்குடும்பங்களின் மணமுறையையும் பெயர் மரபையும் அறியாமல் வடிவமைக்கப்பட்ட இக்கருவி, ஏற்கெனவே எழுந்த ஒரு கேள்விக்குச் சாட்சி சொல்லும் தகுதி உடையது. வம்சாவளியைத் தானே எழுதும் தகுதி அதற்கு இல்லை.

சோதனையின் அடிப்படை எளியது. இருவர் ஒரே முன்னோரிடமிருந்து பெற்ற மரபணுத் துண்டுகள் எவ்வளவு என்பது சென்டிமோர்கன் என்னும் அலகால் கூறப்படுகிறது. தலைமுறை மாறும்போது ஒரு துண்டு எந்த அளவுக்கு உடைய வாய்ப்புண்டு என்பதைக் கொண்டு நீளத்தை அளக்கும் அலகு இது. பெற்றோரும் பிள்ளையும் ஏறத்தாழ 3,400 சென்டிமோர்கனையும், ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக 850 சென்டிமோர்கனுக்குச் சற்று மேலும் பகிர்கிறார்கள். உறவு விலக விலக அளவு விரைவாகக் குறைவதால், ஐந்து தலைமுறைக்கு முந்திய முன்னோர் வழியாக மட்டும் உறவான இருவரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கண்டறியத்தக்க துண்டு எதுவுமே இருப்பதில்லை. எனவே சோதனையின் கை எட்டும் தூரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைதான். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டங்கள் ஒழுங்காக நடைமுறைக்கு வந்த 1860களின் பிற்பகுதியும் அதையொட்டியே அமைகிறது.

மென்பொருள் தரும் உறவு ஊகங்கள், கணவனும் மனைவியும் இரத்த உறவற்றவர்கள் என்ற எண்ணத்தின்மீது கட்டப்பட்டவை. இரு குடும்பங்கள் தத்தம் மகனையும் மகளையும் ஒன்றுக்கொன்று கொடுத்து எடுக்கும் மாற்றுச் சம்பந்தம், யாழ்ப்பாணத்திலும் அங்கிருந்து கொழும்புக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அத்தகைய இரு தம்பதியரின் பிள்ளைகள், ஒரே நான்கு பாட்டன் பாட்டியரைக் கொண்டவர்களாதலால், சாதாரண மச்சான் மச்சாளைப்போல் இருமடங்காக, அதாவது 1,700 சென்டிமோர்கன் அளவில் பகிர்கிறார்கள். ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாய்மாரிடம் பிறந்தவர்கள் பகிரும் அளவும் அதுவேயாகும். ஆகவே மாற்றுச் சம்பந்தத்தில் பிறந்த இருவரைப் பார்த்து, தகப்பன் ஒருவரே என்ற ஊகத்தை மென்பொருள் முன்னிறுத்தக்கூடும். இறந்துபோன ஒரு மனிதரின் நற்பெயரையும் உயிரோடிருக்கும் ஒரு தாயின் மனநிம்மதியையும் குலைக்க அந்த ஒரு வரி போதும். இந்த இரு உறவுகளையும் பிரித்தறிய வழி உண்டு: மாற்றுச் சம்பந்தத்துப் பிள்ளைகளுக்கு நிறமூர்த்தச் சோடியின் இரண்டு பிரதிகளும் ஒருங்கே ஒத்துப்போகும் இடங்கள் சில இருக்கும், ஒரு தகப்பனின் வெவ்வேறு தாய்வழிப் பிள்ளைகளுக்கு அவை இருப்பதில்லை. ஆனால் நிறமூர்த்தங்களை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் வசதியை எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. மிகப்பெரிய தரவுத்தளத்தை வைத்திருக்கும் அன்செஸ்ட்ரி நிறுவனம் அதை வழங்கவே இல்லை. மச்சாளைக் கட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த குடும்பங்களில், தூரத்து உறவினரும் கிட்டிய உறவினராகத் தோன்றும் மயக்கம் இன்னும் கூடுதலாகும்.

பெயர் வழியான தேடல் வெள்ளவத்தையில் ஒருவிதமாகவும் கொட்டாஞ்சேனையில் வேறுவிதமாகவும் தடுமாறுகிறது. தகப்பனின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் குடும்பத்தில், மென்பொருள் கட்டாயமாகக் கேட்கும் குடும்பப்பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகிறது. தந்தைவழியில் மட்டும் இறங்கும் வை நிறமூர்த்தத்தைக் குடும்பப்பெயரோடு பொருத்திப் பார்க்கும் மேலைநாட்டு முறை அங்கே பயனற்றுப்போகிறது. கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கப் பரதர் குடும்பங்களிடையே பெர்னாண்டோ போன்ற போர்த்துக்கேயப் பெயர்கள் உண்டு. ஆயினும் அவை இரத்தவழியால் வந்தவை அல்ல, ஞானஸ்நானத்தின்போது பெறப்பட்டவை. ஆதலால் பெயர் ஒப்புமையைக் கொண்டு உறவு சொல்ல முடியாது. கிராம்ப்ஸ் என்னும் திறந்தமூல மென்பொருள் தகப்பன் பெயரை அவ்வாறே குறித்துப் பதிய இடமளிப்பது இவ்வகையில் பாராட்டத்தக்கது.

பூர்வீக விழுக்காடு எனப்படுவது விருப்பத்தேர்வு வசதிகளில் மிகவும் விரும்பப்படுவதும் மிகக் குறைந்த பெறுமதி உடையதுமாகும். ஒருவரின் மரபணுவை மாதிரிக் குழுக்களோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் மதிப்பீடு அது. ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் என்ற பன்னாட்டு ஆய்வில் இலங்கைத் தமிழரின் மாதிரி பிரித்தானியாவில் வாழ்ந்தவர்களிடமிருந்தே சேகரிக்கப்பட்டது. சிங்களவருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடையே நெருங்கிய மரபணுக் கலப்பு இருந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற 2023ஆம் ஆண்டு ஆய்வு காட்டியுள்ள நிலையில், ஒரு விழுக்காட்டைக் கொண்டு இனத்தூய்மையையோ சாதிப் பெருமையையோ நாட்ட முயல்வது அறிவியலுக்கு மாறானது.

இத்தனை குறைகள் இருந்தும் இச்சோதனையை ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் ஆவணமே பொய் சொன்னவர்களுக்கு அது ஒன்றே துணை. 1980களை மையமாகக் கொண்ட காலத்தில் ஏறத்தாழ 11,000 இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பலரின் சான்றிதழ்களில் தாயாக எழுதப்பட்டவர் உண்மைத் தாய் அல்லர் என்பது 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நடத்திய புலனாய்வில் வெளிப்பட்டது. கடல்கோளுக்குப் பின் கல்முனை மருத்துவமனையில் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ எனப் பெயர்பெற்ற சிசுவின் பெற்றோர் யார் என்பதை 2005 பெப்ரவரியில் தீர்த்துவைத்ததும் டிஎன்ஏ சோதனையே. 1958இலும் 1983இலும் இனக்கலவரங்களில் வீட்டோடு ஆவணங்களையும் தீக்குக் கொடுத்த குடும்பங்களுக்கும் இது ஓரளவு கைகொடுக்கக்கூடும்.

விருப்பத்தேர்வு வசதிகளின் ஆபத்தைத் தனியே எடுத்துக் கூறவேண்டும். 2023இல் ட்வென்ட்டித்ரீ அண்ட் மீ என்னும் மரபணுச் சோதனை நிறுவனத்தில் ஊடுருவியவர்கள் நேரடியாகத் திறந்த கணக்குகள் ஏறத்தாழ 14,000 மட்டுமே; உறவினர் தேடல் என்ற விருப்பத்தேர்வு வசதியின் வழியாக அவர்கள் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். அவ்விவரங்கள் யூதர், சீனர் என இனவாரியாகப் பட்டியலிடப்பட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டன. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களைக் கண்ட நகரத்துக்கு, இனவாரிப் பட்டியல் எதற்குப் பயன்படும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்நிறுவனம் 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்பு கோரியபோது, வாடிக்கையாளரின் மரபணுத் தரவும் விற்கத்தக்க சொத்துகளுள் ஒன்றாயிற்று. ஒருவர் கொடுக்கும் உமிழ்நீர் அவருடைய தாயையும் மாமனையும் மச்சாளையும் சேர்த்தே வெளிப்படுத்துகிறது. ஆனால் சம்மதப் பெட்டியில் அடையாளமிடுபவர் அவர் ஒருவரே. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருந்தாலும், வெளிநாட்டில் வாழும் உறவினர் தாமாகவே ஒப்படைத்த மாதிரியிலிருந்து கசியும் செய்தியைத் தடுக்க அது போதாது.

எனவே சோதனை செய்வோர் உறவினர் தேடல், ஆய்வுச் சம்மதம், நோய்சார் அறிக்கை ஆகிய எல்லாவற்றையும் முதலில் மூடிவைத்து, விடை காணவேண்டிய கேள்வி ஒன்று தெளிவாக அமைந்த பின்பே, வீட்டு மூத்தோரின் அறிவோடு, தேவையானதை மட்டும் திறக்கவேண்டும். கேள்வியை அமைத்துத் தரும் மூலங்கள் தமிழரிடம் குறைவில்லை. பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், மாமன் மாமியர், மைத்துனர், சம்பந்திகள் என வரிசையாகச் சொல்லும் நாளிதழ் மரண அறிவித்தல் ஒவ்வொன்றும் ஒரு சிறு வம்சாவளியே. முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் நினைவு மலர்களிற் பலவற்றில் வம்ச வரலாறு பல தலைமுறைக்கு எழுதப்பட்டிருக்கும். கொட்டாஞ்சேனைப் பங்குப் பதிவேடுகளும், தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ள ஒல்லாந்தர் காலத் தோம்புகள் என்னும் காணி, குடும்பப் பதிவேடுகளும் மரபணு எட்டாத காலத்தையும் தொடுகின்றன. நூலகம் நிறுவனம் நினைவு மலர்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்துவருகிறது. அலுமாரியில் பழைய மலர்களை வைத்திருக்கும் குடும்பங்கள், சோதனைப் பெட்டிக்குப் பணம் கட்டுமுன், அவற்றின் ஒரு பிரதியை அந்நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.