தவிப்பு என்றொரு தலைப்புச் செய்தி

2020 ஏப்ரலில் என் பெரியப்பா மகன் சிங்கப்பூரில், தொழிலாளர் விடுதி அறை ஒன்றில் இன்னும் பதினோரு பேரோடு அடைந்து கிடந்தார். ஆத்தூர் வீட்டில் பெரியம்மா நாள் முழுக்கச் செய்திச் சேனலை ஓடவிட்டிருப்பார். 'சிங்கப்பூரில் தமிழர்கள் தவிப்பு' என்று கீழே எழுத்து ஓடியதும் போனை எடுத்துவிடுவார். ஒருநாள் அண்ணன் எரிச்சலாகி என்னிடம் சொன்னார்: "நம்மூரு டிவில எங்களப் பத்திதான்டா பேசறாங்க. எங்களுக்குன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

ஊர்ச் செய்திமேல் அவருக்கு நம்பிக்கை போனது எப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த ரெண்டு வாக்கியத்துக்குத்தான் திரும்பி வருகிறேன். பொய் சொன்னார்கள் என்பது அவர் புகார் இல்லை. தன்னை வாசகனாக யாருமே நினைக்கவில்லை என்பதுதான்.

'தவிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். அதில் தவிப்பவர் மட்டும் இருக்கிறார், தவிக்கவிட்டவர் இல்லை. மார்ச்சில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது இந்திய அரசு. அந்த முடிவு ஏதோ புயல் மழை மாதிரி செய்திக்குள் வந்துபோனது. மே 7 அன்று வந்தே பாரத் விமானங்கள் பறக்கத் தொடங்கின. அதே நாளில்தான் சென்னை தவிர்த்த தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் திறந்தன. திரையை எது பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் வர என்ன செய்யணும், டிக்கெட் காசு யார் கட்டணும், திருச்சியில் இறங்கினால் எங்கே தங்க வைப்பார்கள்? அண்ணனுக்கு வேண்டியிருந்தது இந்த மூன்று பதில்கள்தான்.

அப்போ சிங்கப்பூர்ச் செய்தியை நம்பினாரா? எண்களை நம்பினார். அங்கே தினசரி அறிக்கை துல்லியமாக வரும். ஆனால் 'சமூகம்' என்று ஒரு கணக்கு, 'விடுதித் தொழிலாளர்கள்' என்று தனியாக இன்னொரு கணக்கு. மே மாதத்தில் சமூகத் தொற்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய நாட்களிலும் விடுதிக் கணக்கு நூறுகளில் நின்றது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது என்று டிசம்பரில் அறிவித்தார்கள். நோய் எங்கே பரவுகிறது என்று பிரித்துப் பார்க்க அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் தினமும் அதைப் படிக்கிறவர், தான் 'சமூகத்தில்' சேர்த்தி இல்லை என்பதையும் சேர்த்தே படித்தார்.

மிச்சம் இருந்தது வீட்டுப் போன். அதிலும் பொய்தான். தனக்குப் பாசிட்டிவ் என்பதை அவர் மறைத்தார். பெரியப்பாவின் காய்ச்சலைப் பெரியம்மா மறைத்தார். ஆனாலும் இருமலை வைத்து, பேச்சு நடுவே விழும் இடைவெளியை வைத்து, ரெண்டு பேருமே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எதற்காக மறைக்கிறார்கள் என்று தெரிந்ததால் அந்தப் பொய்யை அவர்களால் படிக்க முடிந்தது.

அண்ணன் ஊர்ச் செய்தியை மறுபடி கவனித்தது ஜூலை 22 அன்று. சென்னையில் விடுபட்ட 444 மரணங்களைத் தமிழ்நாடு அரசு அன்று கணக்கில் சேர்த்தது. 'பாரு, இத்தனை நாளா மறைச்சிருக்காங்க' என்று நாங்கள் கொதித்தோம். அவர், "தப்பா எண்ணிட்டோம்னு இப்பவாவது சொன்னாங்களே" என்றார். எனக்கு அப்போது அது ஏமாளித்தனமாகப் பட்டது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவில் சுமார் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று மதிப்பிட்டது. அது அரசுக் கணக்கைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. கணக்கிட்ட முறையே தவறு என்று இந்திய அரசு மறுத்தது. அப்போதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. திருத்தம் என்பது யாரோ ஒருவர் படிக்கிறார் என்று ஒத்துக்கொள்வது. மேலே இருப்பவர்கள் அவரைப் பதில் சொல்ல வேண்டிய ஆளாக நினைக்கிற அபூர்வமான தருணம் அது.

புலம்பெயர் வாழ்வை எழுதுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. நாமும் அவர்களின் தவிப்பை எடுத்துக்கொண்டு கதை செய்கிறோம். எழுதியதை அந்தப் பன்னிரண்டு பேர் அறையில் ஒருத்தர் படிப்பார், 'இது தப்பு தம்பி' என்று சொல்வார் என்ற பயம் நமக்கு இருக்கிறதா? இந்தக் கட்டுரையை அண்ணனுக்கு அனுப்பிவிட்டுத்தான் இங்கே அனுப்புகிறேன்.