வாக்கியத்தின் வால்

இரவு 11:45. லண்டனில் அது பிற்பகல் 3:45, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 9:15. அங்கேயெல்லாம் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்கலாம். மலேசியாவின் உலு திராம் தோட்டத்து லயத்தில் அது தூக்கத்தைக் கொடுத்து வாங்க வேண்டிய நேரம். விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்க வேண்டிய அப்பா, பால்மரக் காட்டுக்குப் போக வேண்டிய அப்பா, அந்நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் எரிய விட்டிருப்பார். சிற்றலையில் பிபிசி தமிழோசை. அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் அப்பா எதைத்தான் அப்படி ரசித்தார் என்று எனக்குப் பல காலம் புரியவில்லை. செய்தியை என்றால் மறுநாள் பேப்பரில் படித்துக்கொள்ளலாம். கொழும்பிலும் டெல்லியிலும் நடந்த அரசியல் எங்கள் கூலியை ஒரு காசு ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பிறகு நானும் அவர் பக்கத்தில் பாயில் படுத்துக் கேட்கத் தொடங்கினேன். அப்போதுதான் பிடிபட்டது. அவர் கேட்டது வாக்கியங்களின் வாலை.

தமிழில் ஒரு செய்தி வாக்கியம் எப்படி ஓடுகிறது பாருங்கள். ‘பேச்சுவார்த்தைக்கு உடன்படப் போவதில்லை என்று தலைவர் கூறியதாக வந்த செய்தியை அவரது அலுவலகம் மறுத்துள்ளது.’ ‘உடன்பட’ என்றதும் நம்பிக்கை வருகிறது. ‘போவதில்லை’ அதைப் பறிக்கிறது. ‘கூறியதாக’ என்றதும் லேசாக ஒரு சந்தேகம். ‘மறுத்துள்ளது’ என்ற கடைசிச் சொல்லில் எல்லாம் தலைகீழாகிறது. நம் மொழியில் உண்டு என்பதும் இல்லை என்பதும் கடைசியில்தான் இருக்கின்றன. சொன்னாரா, சொல்லவில்லையா, சொல்லியிருக்கக்கூடுமா? அத்தனை தீர்ப்பும் இறுதி இரண்டு மூன்று அசைகளில்.

சிற்றலையோ அலைபோலவே ஏறி இறங்கும். குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வரும். நடுவில் சீன மொழி நிலையம் ஒன்று குறுக்கே பாயும். இரைச்சல் வாக்கியத்தின் வாலைக் கடித்துத் தின்றுவிட்டால் போர் நிறுத்தம் போராகிவிடும், மறுப்பு ஒப்புதலாகிவிடும். போதாததற்கு, நாம் பேசும்போது மூச்சு தீர்வதும் வாக்கியத்தின் கடைசியில்தான். வினைமுற்றுக்கு வருவதற்குள் குரல் தணிந்து தரையைத் தொட்டுவிடுகிறது.

தமிழோசைக் குரல்கள் அங்கே தணியவில்லை. ‘மறுத்துள்ளது’ என்றால் அந்த ‘து’ வரைக்கும் மூச்சு மிச்சமிருக்கும். அழுத்திச் சொல்வதில்லை, இழுத்துச் சொல்வதுமில்லை. குயவர் பானையின் விளிம்பை ஈர விரலால் ஒருமுறை சுற்றிவிடுவாரே, அதுபோல. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகே அடுத்த செய்தி. அந்த இடைவெளியில் அப்பா ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்காகவே விட்ட இடைவெளி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஒலிபரப்புக்குப் பெயர் வைத்தவரைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, கடைசி எழுத்து வரை கவனிக்கும் இந்தக் காது எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் விளங்கியது. சோ. சிவபாதசுந்தரம், 1912இல் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். ‘ஈழகேசரி’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்துவிட்டு இலங்கை வானொலிக்கு வந்தவர். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3ஆம் தேதி, உலகப் போருக்கு நடுவில், வாரம் ஒருமுறை வரும் செய்தியாகப் பிறந்தது. போர் முடிந்து 1940களின் பிற்பகுதியில் லண்டன் போன சிவபாதசுந்தரம் அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டார். பாரதி பாட்டில் வரும் சொல்தான். ஆனால் பொறுக்கி எடுத்தது இவருடைய காது.

ஒலி என்று வைத்திருக்கலாம், குரல் என்று வைத்திருக்கலாம். அவர் ஓசையை எடுத்தார். ஒலி எதிலிருந்தும் வரும், கதவு மோதினாலும் ஒலிதான். யாப்பறிந்தவர்களுக்கு ஓசை என்பது ஒழுங்கோடு நடக்கும் ஒலி. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை என்று பகுத்து வைத்த மரபு நம்முடையது. அகவல் என்றால் அழைத்துக் கூறுதல், செப்பல் என்றால் வினாவுக்கு விடையாக வருவது. ஓர் அரசியல் ஒலிபரப்பின் இரண்டு கைகளும் இவைதாமே! ஊரைக் கூப்பிட்டுச் செய்தி சொல்வது அகவல். பதவியில் இருப்பவரை உட்கார வைத்துக் கேட்டு விடை வாங்குவது செப்பல். செப்பும் வினாவும் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதில் தொல்காப்பியர் காட்டிய அக்கறையை, நேர்காணல் செய்யும் ஒவ்வொருவரும் மேசையில் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. அதை நினைத்து நினைத்து நான் மகிழ்ந்ததுண்டு.

1954இல் அவர் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலை எழுதினார். ‘கலை’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்ததே எனக்குப் பிடிக்கும். மாணிக்கவாசகர், கௌதம புத்தர், சேக்கிழார் மூவரின் ‘அடிச்சுவட்டில்’ என்று மூன்று நூல்கள் எழுதியவரும் இவர்தான். எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977இல் எழுதினார். சிட்டியும் வானொலியில் பணியாற்றியவர். இரண்டு வானொலிக்காரர்கள் கூடி நம் உரைநடையின் வரலாற்றை எழுதியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. உரைநடையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர்கள் அவர்கள்.

நான் கேட்ட காலத்துக் குரல் ஆனந்தி சூரியப்பிரகாசத்தினுடையது. நேயர்களுக்கு ஆனந்தி அக்கா. விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரனை நேர்கண்டவர். அரசியல் பேசும் ஒருவரை உலகமெங்கும் உள்ள தமிழர்கள் ‘அக்கா’ என்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ‘அம்மையார்’ என்று தள்ளி நிறுத்தவில்லை. ‘அக்கா’ என்பது உரிமையான சொல், அதே சமயம் மூத்தவள் என்ற மரியாதையும் உள்ள சொல். என் காதில் நிற்பது அவர் வாயில் வந்த ‘என்று’. வானொலியில் மேற்கோள் குறி கிடையாது. தமிழில் அந்த வேலையைச் செய்வது ‘என்று’. ஆனால் அது கூற்று முடிந்த பிறகே வருகிறது. அதற்குள் கேட்பவர், சொல்வது அறிவிப்பாளரின் சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடும். ஆகவே யார் சொன்னது என்பதை முதலில் வைத்து, பிறகு கூற்று, பிறகு தெளிவான ஒரு ‘என்று’. சொன்னவர் வேறு, சொல்பவர் வேறு என்பதற்கு அந்த மூன்று எழுத்து வேலி போதுமாயிருந்தது.

அடுத்து வரும் வினைச்சொல்லிலும் எத்தனை தராசு! ‘என்றார்’ எந்தப் பக்கமும் சாயாது. ‘வாதிட்டார்’ என்றால் எதிர்த்தரப்பு ஒன்று இருக்கிறது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அதுவரை மறைத்திருக்கிறார். ‘குற்றஞ்சாட்டினார்’ என்றால் இன்னும் நிரூபணமாகவில்லை. ஒருவரைப் போராளி என்பதா, கிளர்ச்சியாளர் என்பதா, பயங்கரவாதி என்பதா? பிபிசிக்கு அதில் ஒரு நெறி உண்டு. பயங்கரவாதி என்ற சொல்லைத் தன் வாயால் சொல்லாமல், சொன்னவர் பெயரோடு சேர்த்தே சொல்லும். இதற்காக எங்கள் சாப்பாட்டுக் கடை மேசையில் கோபப்பட்டவர்களும் உண்டு. எனக்கோ அந்த நிதானமே அழகாகப் பட்டது, இன்றும் படுகிறது.

இங்கே எங்கள் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து உலு திராமுக்கு வரும் வழியில் இருக்கிறது தெப்ராவ். பிபிசி தன் தூரகிழக்கு ஒலிபரப்புக்கான நிலையத்தை அங்கேதான் வைத்திருந்தது. 1970களின் இறுதியில் அது சிங்கப்பூரின் கிராஞ்சிக்கு மாறியது. கிராஞ்சி நிலையமும் 2023இல் மூடப்பட்டுவிட்டது. தெப்ராவில் வானத்தில் கட்டிய கம்பி வலையை பஸ் சன்னலிலிருந்து பார்த்ததை அப்பா ஒரு குலதெய்வக் கோயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். உலு என்றால் மலாயில் ஆற்றின் மேற்பகுதி, திராம் என்றால் சிப்பி. சிப்பியைக் காதில் வைத்தால் கடல் கேட்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம் அல்லவா? அந்த ஊரில் இருந்துகொண்டுதான் நாங்கள் லண்டனைக் கேட்டோம்.

2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. 76 ஆண்டு ஓடிய தமிழோசை வானொலியில் அன்றோடு நின்றது. பிபிசி தமிழ் இணையத்திலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்தது.

அப்பாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, காதும் அப்படித்தான். மாலையில் என் மகள் கைப்பேசியில் செய்தி படித்துக் காட்டுவாள். இந்தக் காலத்துப் பிள்ளை, வேகம் அதிகம். முதல் சொல்லில் ஏறி, பெயர்களில் தாவி, வினைமுற்றை விழுங்கிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவாள். நேற்றும் ஏதோ ஓர் அமைச்சர் ஏதோ ஒரு திட்டத்தைப் பற்றிச் சொன்ன செய்தி. அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கடைசியா என்னம்மா சொன்னாரு? செய்வோம்னாரா, செய்யலாம்னாரா?”

அவள் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். இந்த முறை கடைசிச் சொல் வந்ததும் மெதுவாக, அந்த ‘ர்’ கேட்கும்படி முடித்துவிட்டு நிறுத்தினாள்.

அப்பா ‘ம்’ என்றார்.