உறிஞ்சுங்கள், சத்தம் வரட்டும்

எங்கள் வீட்டில் தேத்தண்ணியை உறிஞ்சிக் குடித்தால் முதுகில் அடி விழும். "மாடு கழுநீர் குடிக்கிற மாதிரி என்னடா சத்தம்?" என்பார் அம்மா. பிறகு ஒருநாள், பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் (தேயிலை பேக்டரியைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்) டீமேக்கர் ஐயா ஒரு கரண்டித் தேயிலைச் சாயத்தை வாயருகே கொண்டுபோய், துணி கிழிகிற சத்தத்தோடு உள்ளே இழுத்ததைப் பார்த்தேன். வரிசையாக வைத்திருந்த ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கிழிசல். வீட்டில் அடித்துத் திருத்திய பழக்கத்துக்கு அங்கே சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சொகுசுக் கப்பலில் ஏறுகிறவர்களுக்குக் காக்டெயில் வகுப்பு, வைன் ருசி பார்க்கும் மாலை என்று பொழுதுபோக்குகள் உண்டு. இலங்கையின் ஊவா மாகாணத்துக்கு வருகிறவர்களுக்கு அதற்கு ஈடு, தேயிலை ருசி பார்க்கும் மேசை. காக்டெயிலில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். இங்கே கழித்துக்கொண்டே போக வேண்டும். முதலில் பாலைக் கழியுங்கள், பிறகு சீனியை, இஞ்சியை, ஏலக்காயை. இலையும் தண்ணீரும் மட்டும் மிஞ்சும். பெரும்பாலான பயணிகள் அந்த மேசைக்கு வந்து, ஆறு கோப்பையையும் அரை நிமிடத்தில் குடித்து, "எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படமெடுக்கப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதைத் தேடுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் மாதம். ஊவாத் தேயிலையைத் தெரிந்துகொள்ள ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வாருங்கள். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிய வெறுங்காற்றாக இருக்கும். கச்சான் காற்று என்பது இதைத்தான். (யாழ்ப்பாணத்து வாசகர்கள் கோயில் திருவிழாக் கடலையை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி அரை மணியில் காயும். தேயிலைச் செடிக்கும் அதே பாடு. தண்ணீர் போதாமல் கொழுந்து மெதுவாக வளரும். அந்த நெருக்கடியில் இலைக்குள் வாசனைப் பொருள்கள் கூடும். அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலிக்குப் பூசும் தைலத்தின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அதேதான். பயந்துவிடாதீர்கள், கோப்பையில் அது ஒரு நூலிழைதான் இருக்கும். ஆனால் அந்த இழைக்காகத்தான் ஜப்பானியர்கள் ஊவாவைத் தேடி வாங்குகிறார்கள். டார்ஜிலிங், சீனாவின் கீமன் ஆகியவற்றோடு சேர்த்து ஊவாவை உலகின் மூன்று பெரிய கறுப்புத் தேயிலைகளில் ஒன்றாகச் சொல்வதும் அதனால்தான்.

மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைப் பகுதிகளான டிம்புளைக்கும் நுவரெலியாவுக்கும் இதே கதை மறுபக்கமாக நடக்கும். வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவை நனைத்துவிட்டு அங்கே வறண்டு போய்ச் சேரும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் அவற்றின் நல்ல காலம். ஆகவே நவம்பர் மழையில் எல்லவுக்கு வந்து "ஊவா டீ குடித்தேன்" என்பவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை. மழையில் நனைந்த ஆளிடம் என்ன வாதம்.

எங்கே போவது என்பது எளிது. கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை 1924இல்தான் பதுளையைத் தொட்டது. அந்தப் பாதையில் 1921இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று கூட்டம் அலைமோதுகிறது. அந்தக் கூட்டத்திலிருந்து தப்பி எல்லவுக்கு அருகே ஹல்பேவத்த பேக்டரிக்குப் போனால் சுற்றிக் காட்டி ருசி பார்க்கவும் வைப்பார்கள். அப்புத்தளைக்கு மேலே, 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிப்போட்ட தோமஸ் லிப்டனின் தம்பேதன்ன பேக்டரி இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை என்பதால் திங்கள் காலையில் பல ஸ்டோர்களில் இயந்திரம் ஓடாது. வாசனை இல்லாத பேக்டரியைப் பார்ப்பது சமையல் முடிந்து கழுவிய அடுப்படியைப் பார்ப்பது போல.

ஓடுகிற பேக்டரியில் விளக்கம் சொல்கிறவரின் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மூக்கைப் பின்தொடருங்கள். மேல்மாடியில் கொழுந்தை வாட்டப் போட்டிருப்பார்கள். முதலில் வெட்டிய புல்லின் பச்சை வாடை, போகப்போக அது பழ வாசமாக மாறும். கீழே உருட்டு இயந்திரத்தில் இலை கசங்கி, சாறு வெளியே வந்து காற்றோடு சேரும். பச்சை போய்ச் செம்பழுப்பு வரும். வெட்டி வைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அதே வேலை. அதை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் டீமேக்கரின் கைவண்ணம் இருக்கிறது. ஊவாவின் காற்றுக் காலத்தில் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவார்கள், வாசத்தைக் காப்பாற்ற. பிறகு சூடான காற்றில் உலர்த்தல். அந்த இயந்திரத்தின் வாயருகே ஒரு நிமிடம் நின்றால் போதும், சட்டையில் நாள் முழுக்க வாசம் நிற்கும். நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து இந்த வழியெல்லாம் நடந்து ஒரு கிலோத் தூளாக வெளியே வரும்.

இனி மேசை. காது வைத்த, விளிம்பில் பல் வெட்டிய, மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் கோப்பை. பக்கத்தில் காதில்லாத வெள்ளைக் கிண்ணம். 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தூள், அப்போதுதான் கொதித்த தண்ணீர், ஆறு நிமிடம். இது 1980இல் வந்த ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச அளவு. நேரம் முடிந்ததும் கோப்பையைக் கிண்ணத்தின் மேல் சாய்த்துவிடுவார்கள். பல் வழியே சாயம் மட்டும் வடியும். ஊறிய இலை கவிழ்த்த மூடியின் மேல் போய் உட்காரும். உங்கள் முன்னால் இப்போது மூன்று சாட்சிகள்: காய்ந்த தூள், ஊறிய இலை, சாயம். வந்தவர்கள் மூன்றாவதை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

ஊறிய இலையைப் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தின் நிறம் இருந்தால் இலை ஒழுங்காகப் பக்குவப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் தேய்க்காத குடம் போல மங்கிக் கிடந்தால் எங்கோ நேரம் தவறியிருக்கிறது. பச்சை தெரிந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் குனிந்து மூக்கை அந்த இலைக்கு மேல் கொண்டுபோங்கள். வாசம் சாயத்தைவிட இங்கேதான் பலமாக இருக்கும். சாயத்தில் நிறத்தின் ஆழத்தைவிட வெளிச்சத்தைக் கவனியுங்கள். கிண்ணத்தின் விளிம்பில் சாயம் மெலிதாகும் இடத்தில் பொன் வளையம் ஒன்று மின்ன வேண்டும். "பிரைட்" என்று டீமேக்கர்கள் சொல்வது அதை.

இப்போது உறிஞ்சுங்கள். கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சடாரென்று இழுங்கள். சாயம் தூறலாகச் சிதறி, அதன் ஆவி தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும். அதற்காகத்தான் அந்தச் சத்தம். சாயத்தை நாக்கில் உருட்டித் துப்பிவிடுங்கள், அதற்கென்று வாளி வைத்திருப்பார்கள். விருந்தாளி துப்புவதா என்று கூச வேண்டாம். ஒருநாளில் நூற்றுக்கணக்கான கோப்பை பார்க்கும் ஆட்கள் அத்தனையையும் விழுங்கினால் இரவில் தூக்கம் எங்கே வரும்?

துவர்ப்பு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆங்கிலத்தில் அதைச் சுவைக் கணக்கில் சேர்க்கவே யோசிப்பார்கள், வாயில் ஏற்படும் ஒரு உணர்ச்சி என்பார்கள். நமக்கு அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவும் நாவற்பழமும் பாக்கும் தின்று வளர்ந்த நாக்குக்குத் துவர்ப்பில் தரம் பிரிக்கத் தெரியும். நாவற்பழம் நாக்கைப் பிடித்து, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். வாயில் எச்சில் ஊறும், அடுத்ததை எடுக்கச் சொல்லும். பச்சைப் பாக்கு பிடித்தால் விடாது, கன்னம் மரத்துப்போகும். நல்ல ஊவா நாவற்பழ வகை. பிடித்து விட்டுவிடும் அந்தத் துள்ளலைத்தான் "பிரிஸ்க்" என்கிறார்கள். பாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டால் அது முரடு. இரண்டுமே இல்லாமல் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனால், அந்தக் கோப்பையைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. பால் ஊற்றினால் பாலின் புரதம் இந்தத் துவர்ப்பைப் பிடித்து அமுக்கிவிடும். குடிக்க நன்றாக இருக்கும், ருசி பார்க்கத்தான் உதவாது.

துப்பிய பிறகு வாயை மூடி மூக்கால் ஒருதரம் மூச்சு விடுங்கள். காற்றுக் காலத்துத் தேயிலையாக இருந்தால் முன்பு சொன்ன மெத்தில் சாலிசிலேட்டின் குளிர்ச்சி அப்போதுதான் வரும். புதினா இல்லை, தைலமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ. வரவில்லையென்றால் அடுத்த கோப்பைக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். தனியாக ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் இது என்னவென்று தெரியும். மெல்லியதிலிருந்து கடுமையானதற்குப் போங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், தேயிலை பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வெற்றிலை போட்ட வாயோடு போகிற மாமாக்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

குறைகளையும் தேடுங்கள், அது இன்னும் சுவாரசியம். உலர்த்தும்போது சூடு கூடினால் ரொட்டியின் கருகிய ஓரம் போல ஒரு வாடை வரும், "பேக்கி" என்பார்கள். அடுப்பு ஒழுகினால் புகை. ஈரம் பட்டு வைத்திருந்தால் பழைய சாக்கு.

கடையில் எழுதியிருக்கும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற எழுத்துகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை சல்லடையில் பிரித்த துகளின் அளவு, தரத்துக்கான மதிப்பெண் இல்லை. சிறிய துகளில் சீக்கிரம் சாயம் இறங்கும், பெரியதில் மெதுவாக. ஒரே தோட்டத்தின் ஒரே நாள் பி.ஓ.பி.யையும் டஸ்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் ஒரு பாடப்புத்தகம் படித்த மாதிரி.

வீட்டிலும் செய்யலாம். ஊவா, நுவரெலியா, தென்பகுதியின் ருகுணு, மூன்றிலும் ஒவ்வொரு சிறு பொதி வாங்குங்கள். தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று பொருள். மூன்று வெள்ளைக் கோப்பை, மூன்று சம அளவு, ஒரே நேரம். ருகுணு கறுத்துத் திடமாக வரும், நுவரெலியா வெளிறி மெலிதாக நிற்கும், ஊவா நடுவில் நின்று மூக்கைச் சீண்டும். தண்ணீரைக் கவனியுங்கள். எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணியில் (மலை ஊற்றுத் தண்ணீர்) மின்னுகிற சாயம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் மங்கி, மேலே ஆடை கட்டும். சென்னையில் போர் தண்ணீரில் போட்டாலும் அப்படித்தான். தேயிலையைத் திட்டுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

மேசையில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. 1883 ஜூலை 30இல் கொழும்பில் தொடங்கிய தேயிலை ஏலம் இன்றும் நடக்கிறது. காற்றுக் காலத்து ஊவா அங்கே நல்ல விலைக்குப் போகும். ஆனால் அதே காற்று கொழுந்தை வளரவிடாது. கூடை நிறைய மறுக்கும், தராசு ஏற மறுக்கும். கேட்ட கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கோப்பையில் நாம் தேடிப் பிடிக்கிற அந்தக் குளிர்ச்சிக்கு மலையில் வேறு பெயர்.

போன செப்டெம்பரில் ஒரு ஸ்டோரிலிருந்து கிடைத்த பி.ஓ.பி. கொஞ்சத்தை அத்தையின் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வீட்டில் எப்போதும் தோட்டத்தில் கொடுக்கிற தூள்தான். பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்து, கடிகாரம் பார்த்து ஆறு நிமிடம் ஊறவிட்டு, கண்ணாடிக் கிளாசில் நீட்டினேன். அத்தை முதலில் பொதியிலிருந்த தூளை விரலால் தடவினார். பிறகு வாசலில் உட்கார்ந்து, பல வருடப் பழக்கத்தில் சூட்டோடு சத்தமாக உறிஞ்சினார். என் டீமேக்கர் ஐயா தோற்றுப்போகும் சத்தம்.

"காத்து மாசத்துக் கொழுந்தாப்பா இது?"

"ஆமா அத்தை. எப்படித் தெரிஞ்சுது?"

"வாசமா இருக்கே. அந்த மாசத்துல கிலோவே வராது, கங்காணி வாயில விழுந்து எந்திரிக்கிறதே பொழப்பா இருக்கும்." இன்னொரு முறை உறிஞ்சினார். பிறகு இடது உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்.

"சீனி கொஞ்சம் போடு. தண்ணியில போட்டுறாத, கையில."

உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு அடுத்த மடக்கைக் குடித்தார். கிளாசிலிருந்த சாயத்தில் ஒரு மணிச் சீனியும் கலக்கவில்லை.