மூப்பும் துணிவும்: கோரி டென் பூமின் தன்வரலாற்றில் தந்தையின் முன்மாதிரி

முன்னுரை

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர் கோரி டென் பூம் (1892–1983). இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதர்களுக்கு அடைக்கலம் தந்தமையால் தம் குடும்பம் அடைந்த துன்பங்களை, ஜான் ஷெர்ரில், எலிசபெத் ஷெர்ரில் ஆகியோருடன் இணைந்து ‘த ஹைடிங் பிளேஸ்’ (மறைவிடம்) என்னும் நூலாக 1971இல் வெளியிட்டார். வீட்டின் இரகசிய அறையையும், சங்கீதம் இறைவனுக்குச் சூட்டும் பெயரையும் இத்தலைப்பு ஒருசேரச் சுட்டுகிறது. நூலின் துணிவை ராவன்ஸ்புரூக் வதைமுகாம் நிகழ்வுகளில் தேடுவது இயல்பே. எனினும், அத்துணிவின் இலக்கணம் முகாமுக்கு முன்னரே, முதிய தந்தை காஸ்பரின் வழியாக வகுக்கப்பட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பயணச்சீட்டு உவமை

குழந்தை ஒன்றின் இறந்த உடலைக் கண்ட சிறுமி கோரி, தந்தையும் இறந்துவிடுவாரோ என அஞ்சி அழுகிறாள். ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்லும்போது பயணச்சீட்டை உன்னிடம் எப்போது தருவேன் என்று தந்தை வினவுகிறார். வண்டி ஏறுவதற்குச் சற்று முன்னர் என்கிறாள் மகள். தேவைப்படும் வேளையில் வலிமையும் அவ்வாறே வந்துசேரும் என்பது அவர் தரும் விளக்கம். துணிவு முன்கூட்டிச் சேமித்து வைக்கும் உடைமையன்று. உரிய நேரத்தில் பெறப்படும் கொடை என்னும் கருத்து இங்கு விதைக்கப்படுகிறது.

முதுமையில் வெளிப்படும் துணிவு

காஸ்பரின் துணிவு பேருரைகளில் வெளிப்படுவதில்லை. காலையும் இரவும் குறித்த நேரத்தில் குடும்பத்தாருக்கு விவிலியம் வாசிக்கிறார்; பழுதுபார்த்த கடிகாரத்திற்குக் கூலி கேட்கவும் மறந்துவிடுகிறார். யூதத் தாயையும் சேயையும் ஏற்க ஒரு போதகர் உயிரச்சத்தால் மறுத்தபோது, அக்குழந்தையை முதியவரே கைகளில் ஏந்துகிறார். அதன்பொருட்டு உயிரிழக்க நேர்ந்தால் அதைத் தம் குடும்பத்திற்குக் கிட்டும் பெருமையாகவே கருதுகிறார். 1944 பிப்ரவரி 28இல் கைதானபோது அவருக்கு வயது 84. இனித் தொல்லை தருவதில்லை என்றால் வீட்டிற்கு அனுப்புவதாக கெஸ்டாப்போ அதிகாரி கூறுகிறார். தம் கதவைத் தட்டுவோருக்கு மீண்டும் திறப்பேன் என்பதே முதியவரின் விடை. பத்து நாட்களில், மார்ச் 9இல், அவர் இறந்தார். அன்றாட ஒழுக்கத்தின் இயல்பான நீட்சியாகவே இவ்விடை அமைவது நோக்கத்தக்கது.

மகளின் இயலாமை

தந்தையின் மறைவுக்குப் பின்னரும் நூல் நெடுந்தொலைவு செல்கிறது. தனிச்சிறையில் இருந்த கோரி அச்செய்தியைக் கடிதம் வாயிலாகவே அறிகிறார். பின்னர் ராவன்ஸ்புரூக் குடிலில் அவரும் தமக்கை பெட்ஸியும் விவிலியம் வாசிப்பது, தந்தையின் வீட்டு வழக்கம் முகாமுக்கு இடம்பெயர்ந்ததேயாகும். எனினும், கதைசொல்லி தம்மைத் தந்தைக்கு நிகராக உயர்த்திக்கொள்வதில்லை. தம் வெறுப்பு, தன்னலம், அச்சம் ஆகியவற்றை மறைக்காமல் பதிவு செய்கிறார். போருக்குப் பின் மியூனிக்கில் பழைய முகாம் காவலன் ஒருவன் கை நீட்டும்போது அவரால் கையை உயர்த்த இயலவில்லை. வேண்டுதலுக்குப் பின்னரே அவ்வலிமை கிட்டுகிறது. குழந்தைப் பருவத்தில் கேட்ட பயணச்சீட்டு உவமை இவ்விடத்தில்தான் நிறைவு பெறுகிறது.

மதிப்பீடு

நிகழ்வுகளுக்கு ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து நூல் வெளிவந்தது. ஆகவே, இளமை நினைவுகள் பின்விளைவுகளின் ஒளியில் தெரிவு செய்யப்பட்டிருத்தல் கூடும். காஸ்பரின் உள்ளத்து ஐயங்களுக்கு நூலில் இடமில்லை என்பதும் ஒரு குறையே. மகளின் வெளிப்படையான தடுமாற்றங்களே அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. இத்தகைய நூல்களைப் படிப்போர், துன்புறுவோர் அனைவரிடமும் துணிவை எதிர்பார்க்கும் இடர்ப்பாடும் உண்டு. பயணச்சீட்டு உவமை அதற்கு இடந்தரவில்லை. உரிய வேளையில் பெறப்படுவதே துணிவு எனின், அதற்கு முன் அஞ்சுபவரைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை.

முடிவுரை

காஸ்பர் தம் மகளுக்கு விட்டுச்சென்றது வீரச்செயல் ஒன்றின் நினைவன்று. அச்சத்தோடு காத்திருக்கக் கற்பித்த நம்பிக்கையே ஆகும். கிறித்தவத் தன்வரலாறுகளில் பெற்றோர் பாத்திரங்களை ஆராய்வோர், அவர்களின் இறுதி நேரத்தைக் காட்டிலும் அன்றாட வழக்கங்களைக் கூர்ந்து நோக்குதல் பயன்தரும்.