ஃபிரிட்ஜில் ஒட்டிய ஆங்கிலம்

அமெரிக்காவில் எடிசன், சன்னிவேல், ஃபிரிஸ்கோ என்று எந்த ஊராக இருந்தாலும், அப்பா அம்மா வந்து இறங்கிய வாரத்திலேயே பல தமிழ் வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடுகிறது. 'செஸ்ட் பெயின்', 'ஹி ஃபெல் டவுன்', 'ப்ளீஸ் சென்ட் ஆம்புலன்ஸ்' என்று அவசரத்துக்கான ஆங்கிலம், தமிழ் எழுத்தில். பிள்ளைகள் வேலைக்குப் போன பகலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எழுதவைத்த தாள். பயம் நியாயமானது. தாளின் மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

அதற்குப் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்த முதல் நொடிகளில் மொழிபெயர்ப்பவர் யாரும் இருக்க மாட்டார். அப்போது 'செஸ்ட் பெயின்' என்ற இரண்டு சொல் பெரிய உதவி. சிக்கல் அடுத்த நொடியில். முழு வாக்கியமாகப் பேசியவருக்குப் பதிலும் புரியும் என்று எதிர்முனையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். மூச்சு வருகிறதா, நினைவு இருக்கிறதா என்று கேள்விகள் பாயும். மனப்பாடம் அங்கே கைவிட்டுவிடும்.

வழி வேறு இடத்தில் இருக்கிறது. 1982-இல் சான் ஹோசேயில், வியட்நாம் அகதிகளோடு பேச முடியாமல் போலீஸார் திணறியதைப் பார்த்துத் தொடங்கப்பட்ட தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவைதான் பின்னாளில் லாங்குவேஜ்லைன் நிறுவனமானது. இன்று பல 911 மையங்கள் இப்படியொரு சேவையை அழைப்பில் இணைத்துக்கொள்கின்றன. ஆகவே முதலில் சொல்ல வேண்டியது வீட்டு முகவரி, அபார்ட்மென்ட் எண்ணோடு. கைபேசி காட்டும் இடத்தில் எந்த மாடி, எந்தக் கதவு என்பது தெரியாமல் போகலாம். அடுத்து 'டமில்' என்று மொழியின் பெயர். 'இந்தியன்' என்று சொன்னால் இந்தி பேசுபவர் வந்து சேரக்கூடும்.

தாளில் நான் காணும் பெரிய ஓட்டை மருந்துப் பெயர்கள். எகோஸ்பிரின் என்றால் அமெரிக்க டாக்டருக்குப் புரியாது; ஆஸ்பிரின் என்றால் புரியும். பாராசிட்டமால்கூட அங்கே அசிட்டமினோஃபென். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்குமுன், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்றுதான் கேட்பார்கள். அந்த விடைகளில் உயிரே இருக்கிறது. 'ப்ளீஸ்' எழுதிய தாளில் அவை இல்லை.

எந்தத் தாளுக்கும் எட்டாத எல்லை ஒன்றும் உண்டு. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசனில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த குஜராத்தித் தாத்தா ஒருவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். நிறுத்திய போலீஸாரிடம் ஆங்கிலம் தெரியாது என்பதை ஆங்கிலத்திலேயே சொன்னார். அவர்களில் ஒருவர் அவரைத் தரையில் வீழ்த்தினார். உடலில் ஒரு பகுதி செயலிழந்தது. சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இந்தப் பழியைப் பெரியவர்களின் ஆங்கிலத்தின் மேல் போடுவது அநியாயம்.

ஆகவே என் தீர்ப்பு: வாக்கியங்களில் முக்கால்வாசியை அடித்துவிடலாம். முகவரி, 'டமில்', நோயைச் சொல்லும் நான்கைந்து சொற்கள், மருந்துகளின் பொதுப்பெயர்கள் இருக்கட்டும். எழுதி ஒட்டினால் மட்டும் ஆகாது. மகனோ மகளோ 911 ஊழியராக நடித்து, வேகமான அமெரிக்க உச்சரிப்பில் கேட்டுப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை போன் அமைதியாகிவிட்டால், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாமல் காத்திருக்க அம்மாவைப் பழக்க வேண்டும்.