ஆளவந்தான்: தீமைக்குக் காரணம் தேடிய படம்

ஆளவந்தான் (2001) கமல்ஹாசன் இரட்டை வேடத்தில் நடித்த தமிழ்த் திரைப்படம். சுரேஷ் கிருஷ்ணா இயக்கினார். கலைப்புலி எஸ். தாணு தயாரித்தார். 1980களில் ‘இதயம் பேசுகிறது’ இதழில் கமல்ஹாசன் எழுதிய ‘தாயம்’ என்ற தொடர்கதையே படத்தின் மூலம். ‘அபய்’ என்ற பெயரில் இந்தியிலும் எடுக்கப்பட்டது. சிறந்த சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதைப் பெற்றது. ஒரு மனிதன் எதனால் கொலைகாரன் ஆகிறான் என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட தமிழ்ப் படங்களில் இது முக்கியமானது. அந்தக் கேள்விக்கு இப்படம் சொன்ன விடை போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதை

விஜய், நந்து இருவரும் இரட்டையர். தாய் இறந்தபின் தந்தையோடும் சிற்றன்னை ஜெயந்தியோடும் அதே வீட்டில் வளர்பவன் நந்து. சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளாகி, சிறுவயதிலேயே அவளைக் கொல்கிறான். அதன்பின் அவன் வாழ்க்கை மனநலக் காப்பகத்தின் சிறைக்கூடத்தில் கழிகிறது. வீட்டுக்கு வெளியே வளர்ந்த விஜய் அதிரடிப்படை அதிகாரி ஆகிறான். விஜய் தான் மணக்கப்போகும் தேஜஸ்வினியை அழைத்துக்கொண்டு சகோதரனைப் பார்க்க வருகிறான். நந்துவின் கண்ணுக்கு அவள் ஜெயந்தியாகத் தெரிகிறாள். அவளிடமிருந்து சகோதரனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவன் தப்பி ஓடுகிறான்.

கதையின் வலிமை இந்த அமைப்பில் இருக்கிறது. பிறப்பு ஒன்று, வளர்ப்பு வேறு. தீமை பிறப்பில் வருவதில்லை, வீட்டில் உண்டாக்கப்படுகிறது என்று படம் சொல்கிறது. வீட்டுக்குள் ஒரு குழந்தை படும் சித்திரவதையை 2001ஆம் ஆண்டில் ஒரு பெரிய நடிகரின் படம் இவ்வளவு நேரடியாகக் காட்டியது துணிச்சலான செயல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அனிமேஷன் காட்சி

போதையில் இருக்கும் நந்து ஷர்மிலி என்ற நடிகையைக் கொல்லும் காட்சி கையால் வரைந்த அனிமேஷனாக வருகிறது. இயல்பான காட்சி திடீரென வரைபடமாக மாறும்போது, கொலை செய்பவனுக்கு அது கொலையாகவே தோன்றவில்லை என்பது பார்ப்பவருக்குப் புரிகிறது. நந்துவின் உலகத்துக்குள் பார்வையாளரைக் கொண்டுசெல்ல இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. ‘கில் பில்’ (2003) படத்தின் அனிமேப் பகுதிக்கு ஓர் இந்தியப் படம் தூண்டுதலாக இருந்ததாக அதன் இயக்குநர் குவென்டின் டாரன்டினோ தம்மிடம் கூறினார் என்று இயக்குநர் அனுராக் காஷ்யப் பின்னர் தெரிவித்திருக்கிறார். அது ஆளவந்தான் என்றே கருதப்படுகிறது.

‘மான்ஸ்டர்’ தொடருடன் ஒப்பீடு

இதே காலத்தில் ஜப்பானில் இதே கேள்வியைக் கேட்ட இன்னொரு படைப்பு நவோகி உரசாவாவின் ‘மான்ஸ்டர்’. சித்திரத்தொடராக 1994 முதல் 2001 வரை வெளிவந்தது. மசாயுகி கொஜிமா இயக்கத்தில் 2004-05இல் 74 பகுதிகள் கொண்ட அனிமேத் தொடராக ஒளிபரப்பானது. ஜெர்மனியில் பணிபுரியும் மருத்துவர் தென்மா, தலையில் குண்டடிபட்ட யோகான் என்ற சிறுவனைக் காப்பாற்றுகிறார். அவன் வளர்ந்து பல கொலைகளுக்குக் காரணமாகிறான். தாம் பிழைக்கவைத்த உயிரைத் தாமே கொல்ல வேண்டுமா என்பதுதான் தென்மாவின் சிக்கல்.

இங்கும் இரட்டையர் உண்டு. யோகானின் தங்கை நீனா. கொடுமையின் உச்சத்தை நேரில் கண்டவள் உண்மையில் அவள்தான் என்பது கதையின் பிற்பகுதியில் தெரியவருகிறது. ஆயினும் அவள் கொலைகாரி ஆகவில்லை. யோகான் இருந்த கிழக்கு பெர்லின் அனாதை விடுதியிலேயே வளர்ந்த கிரிம்மர் என்பவர், கடைசியில் ஊராரைக் காப்பாற்றப் போராடி உயிரை விடுகிறார். ஒரே கொடுமை பலரைப் பலவிதமாக ஆக்குகிறது என்று காட்டுவதால் ‘மான்ஸ்டர்’ எந்தக் காரணத்தையும் முழு விடையாகத் தருவதில்லை.

ஆளவந்தானில் இந்த இடம் காலியாக இருக்கிறது. கொடுமைப்பட்ட குழந்தை என்று அதில் இருப்பவன் நந்து ஒருவன்தான். எனவே கொடுமைப்பட்டவன் கொலைகாரன் ஆவான் என்பது விதிபோல் ஆகிவிடுகிறது. துன்பத்தைத் தாங்கி நல்லவராக வளர்ந்த எத்தனையோ பேருக்கு இப்படத்தில் இடமில்லை.

இன்னொரு கேள்வியையும் படம் தொட்டுவிட்டு நழுவவிடுகிறது. விஜயும் கொல்பவன்தான். அவன் கொல்வது கடமை, நந்து கொல்வது பைத்தியம் என்ற பிரிவை இரட்டையர் முகம் அசைத்துப் பார்க்கிறது. ஆனால் கதை துரத்தலும் சண்டையுமாக மாறியபின் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. ‘மான்ஸ்டர்’ தென்மாவின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இக்கேள்வியைக் கடைசிப் பகுதிவரை விடாமல் சுமக்கிறது.

ஏர்வாடியும் நந்துவும்

ஆளவந்தான் 2001 நவம்பரில் வெளியானது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். இந்த ஒற்றுமை தற்செயல். இதற்காகப் படத்தைக் குறைசொல்ல முடியாது. எனினும் தமிழர்கள் அந்த ஆண்டில் கண்ட இரு காட்சிகள் இவை. திரையில் மனநோயாளியால் பிறருக்கு ஆபத்து. ஏர்வாடியில் பிறரின் அலட்சியத்தால் மனநோயாளிக்குச் சாவு. ‘தப்பி வந்த பைத்தியம்’ என்ற அச்சத்தைத் திரைப்படம் வளர்க்கும்போது, சங்கிலி நியாயமானது என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

புதுச்சேரி ஜிப்மர் போன்ற பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு வருபவர்கள் மற்ற நோயாளிகளைப் போலவே வரிசையில் காத்திருந்து மருந்து வாங்கிச் செல்கிறார்கள். மனநோயின் வழக்கமான முகம் அதுதான். நந்துவின் மொட்டைத் தலையும் முரட்டு உடலும் அந்த முகத்தை மறைத்துவிடுகின்றன.

மதிப்பீடு

நந்துவைக் கவிதை பேசுபவனாக, தாய்க்கு ஏங்கும் பிள்ளையாகக் காட்டியது படத்தின் பெருமை. பார்ப்பவர் அவனுக்கு அஞ்சும்போதே அவனுக்காக இரங்கவும் செய்கிறார். ஆனால் அவன் குணமாகக்கூடும் என்று கதையில் யாரும் எண்ணுவதில்லை. அவன் தன்னை அழித்துக்கொள்வதே முடிவாகிறது. ‘மான்ஸ்டர்’ தொடரில் நீனா தன் அண்ணனை மன்னிக்கிறாள். தென்மா மீண்டும் அவன் உயிரைக் காக்கிறார். அந்த முடிவை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் யாரையும் அரக்கன் என்று பெயரிட்டு ஒதுக்குவதற்குமுன் ஒருமுறை யோசிக்கவைக்கிறது. ஆளவந்தான் அந்த யோசனையின் வாசல்வரை வந்த படம். தமிழில் அடுத்து வருபவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த வாசல்தான்.